கழலாத காட்டர் பின்

என்னுடைய ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாக விழுங்கியது, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஓர் இரும்புத் துண்டு. இன்று நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது.

அப்போது ஆவடியில் டாங்கித் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. ப்ளஸ் டூ முடித்த அக்காவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு முதல் ஷிப்ட். முதல் நாளே தாமதமாக வந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்நேரத்துக்கு எங்கள் பக்கம் பஸ் கிடையாது. அவளுடைய பழைய லேடீஸ் சைக்கிள்தான் கதி. அப்பாவும் சரி, போ என்று சொல்லிவிட்டார்.

அந்த சைக்கிளின் இடது கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் இரும்புக் கை, வளைந்துபோய் ஒவ்வொரு சுற்றுக்கும் பின்கம்பியில் இடிக்கும். இரண்டு வருடமாக இடித்துக்கொண்டுதான் இருந்தது. யாரும் சட்டை செய்யவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து அப்பாவுக்கு அது பெரிய ஆபத்தாகத் தெரிந்தது. புது கிராங்க்கும் புதுப் பின்னும் வாங்கி வந்தார். பெடலைக் கழற்றி ஓரமாகப் போட்டார்.

கிராங்க்கை அச்சோடு பூட்டியிருப்பது காட்டர் பின். நட்டைக் கழற்றிவிட்டுத் தட்டினால் வந்துவிட வேண்டும். வரவில்லை. அப்பா சுத்தியலால் அடித்தார். மண்ணெண்ணெய் ஊற்றி அடித்தார். வண்டியை அசையாமல் பிடித்துக்கொள்ளும் உத்தியோகம் எனக்கு. ஒவ்வொரு அடிக்கும் பல் வரைக்கும் அதிர்ந்தது. மைதானத்தில் என் சேக்காளிகள் போடும் கூச்சல் வேறு காதில் விழுந்தது. “அசைக்காதேன்னு சொன்னேன்ல!” என்று அப்பா என்மேல் எரிந்து விழுந்தார். நான் அசைக்கவில்லை. அந்தப் பாழாய்ப்போன பின்னும் அசையவில்லை.

“கடையில குடுத்தா ரெண்டு நிமிஷ வேலை” என்றாள் அம்மா.

“டாங்கியோட கியர் பாக்ஸையே பிரிச்சுப் போடறவன் நான். என்னை சைக்கிள் கடையில போய் நிக்கச் சொல்றியா?”

அம்மா உள்ளே போய்ப் பாத்திரங்களிடம் கோபத்தைக் காட்டினாள்.

மத்தியானம் கீழ்வீட்டு வெல்டர் மாமா வந்தார். கள்ளிக்குப்பத்துக்காரர். “இன்னா சார், காலைலேர்ந்து தட்டிக்கினே கீறீங்க?” என்று குந்தி உட்கார்ந்து பின்னைப் பார்த்தார். சுத்தியலைப் பார்த்தார். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அடுத்தவர் வீட்டு ரசத்துக்குக்கூட யோசனை சொல்கிற மனிதர் அன்று ஒன்றும் சொல்லவில்லை. “சரி சார், தட்டுங்க” என்று எழுந்து போய்விட்டார். எனக்கு அழுகையே வந்தது.

சாயங்காலம் அக்கா வந்தாள். மறுநாளுக்கான தாவணியை மடித்துக்கொண்டிருந்தவள், அதை அப்படியே போட்டுவிட்டு வந்து அப்பாவின் கையிலிருந்த சுத்தியலை வாங்கினாள். கிராங்க்கை அரைச் சுற்று திருப்பினாள். மரை இருந்த முனையில் அடித்தாள். எண்ணி ஏழே அடி. பின் தரையில் விழுந்து உருண்டது.

அப்பா அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

“புதுசை நீங்களே மாட்டிக் குடுங்கப்பா” என்று அக்கா சுத்தியலைத் திருப்பிக் கொடுத்தாள். அப்பா மாட்டினார். இறுக்கமாக, ஆட்டமே இல்லாமல், பத்து நிமிடத்தில். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மறுநாள் விடியுமுன் அக்கா கிளம்பிப் போனாள்.

டாங்கி மெக்கானிக்கை சைக்கிள் தோற்கடித்த கதை குவார்ட்டர்ஸில் பல நாள் ஓடியது. கிண்டலையெல்லாம் அப்பா சிரித்தபடி வாங்கிக்கொண்டார். அக்கா மட்டும் ஒரு தடவைகூட அதில் சேரவில்லை. அவளுக்குச் சிரிக்கவே தெரியாது என்று நினைத்தேன்.

வெகுகாலம் கழித்து என் சொந்த சைக்கிளைப் பழுது பார்க்கக் கொடுத்தபோதுதான் அந்தப் பின்னை ஒழுங்காகப் பார்த்தேன். அது ஓர் ஆப்பு. மரைப் பக்கம் அடித்தால் கழலும். தடித்த பக்கம் அடித்தால் இறுகும். அப்பா அன்று பகல் முழுக்கத் தடித்த பக்கத்தையே அடித்துக்கொண்டிருந்தார். வண்டியைப் பிடித்திருந்த எனக்குத் தெரியாதா? கியர் பாக்ஸ் பிரிக்கிறவருக்கு ஆப்பு தெரியாமல் போகுமா? போ என்று தானே சொல்லிவிட்ட பிறகு பெண்ணிடம் போகாதே என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அன்று எனக்குப் புரிந்ததெல்லாம் அப்பாவுக்கு சைக்கிள் வேலை தெரியாது என்பதுதான். அதைத்தான் மூன்று பிளாக்கிலும் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.