வண்டி மாடுகள் உழுத நல்லேர்

புண்ணாக்கு ஊறிய தொட்டியின் புளித்த வாசத்தில்தான் எங்கள் வீட்டில் பொழுது விடியும். அப்பா, பினாங்குத் துறைமுகத்திலிருந்து சரக்குக் கிட்டங்கிகளுக்கு மூட்டை ஏற்றும் மாட்டு வண்டிக்காரர். எங்கள் "கம்பத்தில்", அதாவது எங்கள் கிராமத்தில், ஆண்கள் எல்லோருமே வண்டிக்காரர்கள், மாரிமுத்துத் தாத்தா ஒருவரைத் தவிர. சுங்கைப் பினாங்கு ஆற்றை ஒட்டி, ஒரு சீனத் "தவுக்கே"யின், அதாவது முதலாளியின், நிலத்தில் அவர் மட்டும் இன்னும் நெல் போட்டுக்கொண்டிருந்தார். கூட உழுதவர்கள் ஒவ்வொருவராகக் கலப்பையை அவர் கொட்டகைப் பரணில் ஏற்றிவிட்டு, கூலி கையோடு கிடைக்கும் வண்டித் தொழிலுக்குப் போய்விட்டார்கள். நான் பிறக்குமுன்பே போனவர்களில் என் அப்பாவும் ஒருவர்.

அந்த வருடம் தவுக்கே, தை அறுப்போடு நிலத்தை விட்டுவிட வேண்டும், வீடு கட்டப்போகிறேன் என்று சொல்லிவிட்டார். தாத்தா அதற்குக் கலங்கவில்லை. அவர் கவலை வேறு. சித்திரை பிறந்ததும் உழும் முதல் உழவுக்கு "நல்லேர்" என்று பெயர். ஊர் கூடி, ஏர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போக உழுவதுதான் முறை. சில வருடங்களாக ஒற்றை ஏராக உழுதுவந்தவர், கடைசி நல்லேராவது முறைப்படி நடக்கட்டும் என்று வண்டிப் பேட்டைக்கே வந்து ஒவ்வொருவரையும் கெஞ்சினார். கப்பல் வந்திருக்கிறது, பார்க்கலாம் என்று எல்லோரும் மழுப்பினார்கள். அப்பாவும் தலையைச் சொறிந்தார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

சித்திரை முதல் நாள் காலையில் தாத்தா தன் சோடி மாடுகளுக்குப் பொட்டு வைத்துத் தனியாக நின்றார். வெல்லம் கலந்த பச்சரிசிக்காகப் பிள்ளைகள் நாங்கள் வரப்பில் காத்திருந்தோம். நல்ல நேரம் கழியப்போகிற வேளையில் சாலைப் பக்கம் சலங்கை கேட்டது. வண்டிகளை அவிழ்த்துப் போட்டுவிட்டு நான்கு சோடி மாடுகளோடு வந்தார்கள். முன்னால் என் அப்பா. தாத்தா பரணில் ஏறிக் கலப்பைகளை இறக்கினார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அப்புறம் நடந்தது பெரும் கூத்து. ரோட்டு மாடுகளுக்குச் சேறு என்ன தெரியும்? ஒரு சோடி, இடது ஓரம்தான் போவேன் என்று வரப்பை விட்டு நகரவே இல்லை. முனியாண்டி மாமாவின் மாடுகள் பத்தடிக்கு ஒருமுறை நின்று அவரைத் திரும்பிப் பார்த்தன. வழியெல்லாம் கள்ளுக்கடையில் நிறுத்துகிற மனிதர் என்பது, வேடிக்கை பார்க்க வந்த அவர் மனைவிக்கு அன்றுதான் உறுதியாயிற்று. "அகல உழுவதைவிட ஆழ உழு" என்பார்கள் பெரியவர்கள். அன்று இரண்டும் நடக்கவில்லை.

"எல்லாம் கோணலாப் போச்சு பெரியப்பா" என்றார் அப்பா, வெட்கத்தோடு.

"கோணலை நாளைக்கு நான் உழுது சரிபண்ணிக்கிறேன்டா. நீங்க வந்தீங்க பாரு, அது போதும்" என்றார் தாத்தா.

மற்றவர்கள் மாட்டை அவிழ்த்த பிறகும் அப்பா அவிழ்க்கவில்லை. இன்னும் ஒரு சால், இன்னும் ஒரு சால் என்று வெயில் ஏறும்வரை உழுதார், வாய்விட்டுப் பாடிக்கொண்டே. அவருக்குப் பாட வரும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

தையில் நெல் நன்றாகவே விளைந்தது. தாத்தா புதுநெல்லில் ஒரு கூடை தவுக்கேக்குக் கொடுத்துவிட்டு நிலத்தை விட்டார். இப்போது அங்கே வரிசை வீடுகள். இங்கே நெல் விளைந்தது என்றால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்துக்கொள்கிறேன். ஏரும் இல்லை, மாட்டு வண்டியும் இல்லை. அப்பா அதன் பிறகும் நெடுங்காலம் இருந்தார். அவர் பாடி நான் மறுபடி கேட்கவே இல்லை.