கைப்பிடி அரிசி

மலாயாவில் கோப்பெங்குக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் கிறிஸ்தவக் கோயிலில் அவரே உபதேசியார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி அது. உபதேசியார் மனைவிக்குச் சம்பளமில்லாத வேலை ஒன்று உண்டு. சனிக்கிழமைதோறும் ஒரு பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு கூலிக்காரர்களின் லயத்து வீடுகளில் கைப்பிடி அரிசி வாங்கி வரவேண்டும். வேதக்கார வீடுகளில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைக் கோயிலுக்கென்று தனிச் சட்டியில் போட்டு வைப்பார்கள். எடுத்து வைத்தது வைத்ததுதான். வீட்டுப் பானை காலியானாலும் அதில் கை வைக்கமாட்டார்கள்.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் டின் வழியும். பிறகு ஒவ்வொரு வாசலிலும் அரிசிக்குப் பதில் ஒரு காரணம் கிடைத்தது.

"தொரையே கோயிலுக்கு வாரதில்ல. ஞாயித்துக்கெழம கிளப்புல பந்தடிக்கிறாரு. அவங்க சாமிய அவங்களே கும்பிடல, நாங்க ஏங்கா கும்பிடணும்?" என்றாள் ஒருத்தி. துரை செய்வதையெல்லாம் நீயும் செய்வாயா என்று வாய்வரை வந்தது. ஈப்போவில் ஏதோ கூட்டம் கேட்டுவிட்டு வந்த ஒருவன், சாமியே கிடையாது என்று வாசலில் நிற்கவைத்துப் பிரசங்கம் பண்ணினான். அது என் கணவர் பிரசங்கத்தைவிட நீளம். அவன் கல்யாணத்துக்குக் கோயில் பெஞ்சுகளைத் துடைத்தவள் நான். பேசாமல் அரிசி இல்லை என்று சொல்லித் தொலைத்திருக்கலாம்.

தவறாமல் கொடுத்தவள் ஒரே ஒருத்தி. அவள் வேதக்காரியே இல்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள், நெற்றியில் குங்குமம், வீட்டில் மாரியம்மன் விளக்கு. அவள் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது என் கணவர் போய் ஜெபம் பண்ணினார், பிள்ளை பிழைத்தது. அன்றிலிருந்து அவளும் ஒரு சட்டி வைத்துவிட்டாள்.

ஈப்போவிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதகர் வருவார். கோயிலாக இருந்த அறையைத் துரை திரும்பக் கேட்கிறார் என்றும், ரப்பர் பாலில் செய்த கித்தாத் தாள்களை அடுக்க இடம் போதவில்லையாம் என்றும் ஒரு தடவை சொன்னார். "சபை இருக்குன்னு காட்டுங்க, அடுத்த முறை நான் தொரைகிட்டப் பேசுறேன்" என்றார். சபையை அவர் எப்போதும் அந்த டின்னை வைத்துத்தான் அளப்பார்.

காட்டினேன். என் வீட்டுப் பானையிலிருந்து அள்ளி அள்ளி டின்னை நிரப்பினேன். மூன்று வாரம் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு மரவள்ளிக்கிழங்கு. ஊரார் விசுவாசத்துக்கு நான் பட்டினி கிடந்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

போதகர் வந்த ஞாயிறு பெஞ்சுகளில் நான்கு பேர்: நாங்கள் இரண்டு பேர், காது கேட்காத ஒரு பெரியவர், அவரைக் கூட்டிவந்த மருமகள். போதகர் முகம் தொங்கிவிட்டது. டின்னைத் திறந்து பார்த்ததும் தெளிந்தது.

"ஆளு வராட்டி என்ன? அரிசி வந்திருக்கே. சபை உயிரோடதான் இருக்கு" என்றார்.

என் கணவர் எழுந்து நின்றார். "ஐயா, அது எங்க வீட்டு அரிசி."

மூன்று வாரம் கிழங்கு தின்றபோது ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காத மனுஷன், அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். அடுத்த வாரமே பெஞ்சுகள் வெளியே வந்தன, கித்தாத் தாள்கள் உள்ளே போயின.

"பொய்ய வச்சுக் கோயில நிறுத்தலாமா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஒங்க மெய்ய வச்சு மட்டும் யாரு வந்தா?" என்றேன். அவர்மேல் எனக்கிருந்த கோபம் சீக்கிரத்தில் ஆறவில்லை. அவர் சொன்னது முழு மெய்யும் இல்லை. அந்த டின்னில் அந்தக் குங்குமக்காரியின் அரிசியும் இருந்தது. அதைப் போதகரிடம் அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போதகர் அவளைச் சபையில் சேர்த்து எண்ணியிருக்கமாட்டார்.

ஒரு மாதம் கழித்து அவளே சட்டியோடு என் வாசலில் வந்து நின்றாள்.

"ஏங்கா அரிசி எடுக்க வரல? சட்டி நெறஞ்சு போச்சு."

"கோயிலே இல்லடி. இனி யாரும் வாங்க மாட்டாங்க. கொண்டுபோய்ப் பொங்கித் தின்னு."

"சாமிக்குன்னு எடுத்து வச்சத எப்டிக்கா ஒலையில போடுறது? நீங்களே சொல்லுங்க."

எரிச்சல் தலைக்கேறியது. வேதம் படித்தவனெல்லாம் நின்றுவிட்டான், இவள் என் வாசலில் நிற்கிறாள். வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் நகரவில்லை. வேறு வழியில்லாமல் உள்ளே போய் டின்னை எடுத்து வந்து மூடியைத் திறந்தேன்.

அவள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். டின்னில் பாதிக்குமேல் அரிசி இருந்தது. கோயிலைக் காலிசெய்த நாளிலிருந்து, உலை வைக்கும்போதெல்லாம் நானும் ஒரு கைப்பிடி போட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவள் தன் சட்டியை அதில் கவிழ்த்துவிட்டுப் போனாள்.