மூணு எம்எம் கொளஞ்சியப்பன்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் போய், நடுக்கடலில் வாள்மீனோடு மல்லுக்கட்டியவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். என் அக்கா நிர்மலாவின் புருஷன் கொளஞ்சியப்பனைத்தான் சொல்வார்கள். வலது கையில் உள்ள தழும்பையும் மறக்காமல் சொல்வார்கள். ஏரிக் கெண்டையைத் தாண்டி வேறு மீனை உயிரோடு பார்த்திராத கும்பல் அது. வாய் பிளந்து கேட்க ஆள் இருந்தால் கொளஞ்சியப்பன் கடலையே குடித்துவிட்டேன் என்பார். அதே படகில் நானும் இருந்தேன். என் பேர் ஜீவா.

ரிஷிவந்தியம் பக்கத்தில் கையளவு நிலம்கூட இல்லாத வீட்டில் பிறந்தவர் அவர். அதைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அப்படித்தான் பிறந்தேன். வேலை செய்யாமலேயே எல்லா வேலையும் தெரியும் என்பார் பாருங்கள், அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கரும்பு வெட்டப் போனார். மேஸ்திரிக்கே அருவாள் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். மேஸ்திரி கும்பிடு போட்டு அனுப்பிவைத்தார். வெள்ளிமலைக்கு ஓடுகிற ஜீப்பில் கிளீனராகப் போனார். மலைப்பாதையில் நாலு வளைவு திரும்புவதற்குள் யாரோ ஒரு அம்மாளின் சாமை மூட்டைமேல் வாந்தி எடுத்தார். அந்த அம்மாள் விட்ட வசவில் பாதி வழியிலேயே இறங்கி நடந்து வந்தார். வீட்டுக்கு வந்து என்ன சொன்னார் தெரியுமா? "அந்த டிரைவருக்கு வண்டியே ஓட்டத் தெர்ல. நானே எறங்கிக்கினேன்."

ஒன்று மட்டும் அவருக்கு நிஜமாகவே வரும், அதை மறைக்கக் கூடாது. மாடு பிடிப்பார். மஞ்சுவிரட்டுக்குப் பெரிய வீட்டுக் காளைகளைக் கயிறு பிடித்து ஓட்டிப்போக அவரைத்தான் கூப்பிடுவார்கள். கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி முஷ்டியை இறுக்கிக்கொள்வார். காளை எவ்வளவு முண்டினாலும் கயிறு நழுவாது. எங்கள் பக்கத்தில் எல்லோரும் மாட்டை அப்படித்தான் பிடிப்போம்.

நான் கடலூர் துறைமுகத்தில் ஆழ்கடல் படகு ஒன்றில் வேலை பார்க்கிறேன். போன வருஷம் லீவில் வந்தபோது அக்கா பிடித்துக்கொண்டாள்.

"டேய் ஜீவா, இவரையும் உன்னோட இட்டுக்கினு போடா. வூட்ல குந்திக்கினு என் உசுர எடுக்கறாரு."

"ஜீப்புலயே வாந்தி எடுத்த ஆளு அக்கா இவரு. கடல்ல வந்து இன்னா பண்ணுவாரு?"

"எடுத்தா எடுக்கட்டும். முழுசா இட்டாந்து வுட்டுடு, அது போதும். அவரு கையும் காலும் நல்லா இருந்தாத்தான் எங்க வூட்ல அடுப்பு எரியும்."

சரி என்றேன். எந்த நேரத்தில் சொன்னேனோ, அந்தச் சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

வாள்மீன் தூண்டிலில் கடைசிக் கொஞ்ச தூரம், முள்ளுக்கு மேலே, தடித்த நைலான் நரம்பு போடுவோம். லீடர் என்போம். மீன் தன் வாள் போன்ற மூக்கை வீசி அறுக்கப் பார்க்கும், மெல்லிய நரம்பு தாங்காது. அதற்காக ரொம்பத் தடிமனாகவும் போடக்கூடாது. இரை விரைத்துக்கொண்டு நிற்கும், மீன் கிட்டவே வராது. மீனைப் படகோரம் கொண்டுவந்த பிறகு அந்த லீடரைக் கையால் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். எங்கள் படகில் அந்த வேலை என்னுடையது.

படகோட்டி அய்யப்பன் எங்கள் இருவரையும் நரம்பு வாங்கக் கடைக்கு அனுப்பினார். ரெண்டு எம்எம் என்று படித்துப் படித்துச் சொன்னார். நான் முள் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இந்த மனுஷன் மூணு எம்எம் சுருளைக் கட்டச் சொல்லிவிட்டார். முனையை முடிச்சுப் போடாமல் உலோகக் குழாயில் நுழைத்து நசுக்கித்தான் பூட்டுவோம். அந்தக் குழாயையும் மூணுக்குப் பொருந்துகிற மாதிரியே கேட்டு வாங்கியிருந்தார். அதில் மட்டும் ஆள் விவரம். படகு கிளம்புகிற அவசரத்தில் நான் சுருளைப் பிரித்துப் பார்க்கவில்லை. நடுக்கடலில் பிரித்ததும் அய்யப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

"யோவ், இன்னாய்யா இது? மாடு கட்டவா வாங்கியாந்த?"

"தடிசா இருந்தா நல்லதுதானே அண்ணே? அறுவாது பாருங்க."

"அதான்யா வம்பு! மெல்லிசு அறுந்தா மீனு போவும். இது அறுவலன்னா ஆளு போவும்."

கொளஞ்சியப்பன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். இந்தக் கடல்காரனுக்கு ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். திரும்பிப் போக வழியில்லை. இருப்பதைப் போட்டு ஓட்டுங்கள் என்று அய்யப்பன் சொல்லிவிட்டார். அன்றைக்கே படகில் அவருக்கு மூணு எம்எம் என்று பேர் விழுந்தது. அதைப் பட்டம் என்று நினைத்து அவர் சந்தோஷப்பட்டார்.

முதல் சில நாள் ஐஸ் பெட்டி ஓரமாகப் படுத்து குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. எழுந்து உட்கார்ந்து ஒரு வாய் கஞ்சி உள்ளே போனதும் அந்தப் பாவமும் போயிற்று. நான் லீடர் பிடிப்பதைப் பார்த்து நொட்டை சொல்ல ஆரம்பித்தார். "இன்னாடா பொம்பள கோலம் போடற மாதிரி புடிக்கற?"

பொறுமையாகக் காட்டிக்கொடுத்தேன். கையுறை போட்டு, உள்ளங்கையில் ஒரு சுற்று. விரலைத் திறந்தால் நரம்பு தானாகக் கழன்று ஓட வேண்டும். மணிக்கட்டுப் பக்கம் போகவே கூடாது.

"எருதயே நிறுத்தனவன்டா நானு," என்றார்.

ஒரு விடியற்காலை தூண்டில் கயிற்றை இழுக்கும்போது பெரிய மீன் வந்தது. தண்ணீருக்குள் கறுப்பாகப் புரண்டதைப் பார்த்ததும் அய்யப்பன் படகை மெதுவாக்கினார். நான் லீடரை எட்டிப் பிடிப்பதற்குள் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு கொளஞ்சியப்பன் முன்னால் வந்தார். கையில் உறைகூட இல்லை.

"நவுருடா! நான் புடிச்சிக் காட்றன்!"

பிடித்தார். பிடித்த வேகத்தில் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி முஷ்டியை இறுக்கினார். பாவி மனுஷா, அது காளையா?

"மாமா! வுடுங்க மாமா! கையத் தொறங்க!"

திறந்தால் மட்டும் என்ன? நரம்பு மணிக்கட்டில் பூட்டிக்கொண்டுவிட்டது. மீன் ஒரே குத்தாகக் கீழே போயிற்று. அவர் நெஞ்சு படகு விளிம்பில் மோதியது, கால் இரண்டும் தரையை விட்டு எழும்பின. ஒரு கையால் அவர் இடுப்பை வளைத்தேன். என்னையும் சேர்த்து இழுத்தது. மூணு எம்எம், எங்கே அறுபடும்? நரம்பு தோலைத் தாண்டிச் சதைக்குள் போவது கண்ணெதிரே தெரிந்தது. அக்காவின் முகம் வந்து நின்றது. இரை வெட்டுகிற கத்தி பலகைமேல் கிடந்தது. எட்டி எடுத்து நரம்பில் ஒரு போடு போட்டேன். இருவரும் மல்லாக்க விழுந்தோம்.

ரத்தம் கொட்டுகிறது. அந்த நிலையிலும் அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு, "அடப் பாவி, மீன வுட்டுட்டியேடா!"

கரைக்குத் திரும்பி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கை தப்பியது. சுண்டு விரலும் அதற்கு அடுத்த விரலும் மட்டும் இனி மடங்காது என்றார்கள். அக்கா அழுதுகொண்டே ஓடிவந்தாள். நான் வாய் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நான் கெட்டியாத்தான் புடிச்சிக்கினு இருந்தன் நிர்மலா. உன் தம்பி மீனப் பாத்து பயந்து நரம்ப அறுத்துட்டான். அந்த வேகத்துலதான் கை கிழிஞ்சிப் போச்சி."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீயாடா அறுத்த?"

"ஆமாக்கா, ஆனா..."

"முழுசா இட்டாந்து வுடுன்னு சொன்னனேடா," என்றாள். அதற்குப் பிறகு என்னோடு அவள் பேசவில்லை. நான் போன் செய்தால் எடுப்பதும் இல்லை.

ஊர் பூராவும் அந்தக் கதைதான். மீனின் நீளம் மாதத்துக்கு மாதம் வளர்ந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அக்கா மகள் இசைவாணிக்குக் காதுகுத்து என்று சொல்லி அனுப்பினார்கள். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாதே, கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும்! அன்றைக்குப் பந்தலில் நாலு பேர் முன்னால் இந்த ஆளின் மானத்தை வாங்குவது என்று முடிவு செய்தேன். அய்யப்பனிடம் சொல்லிவைத்திருந்தேன், நான் போன் போட்டதும் நடந்ததை ஸ்பீக்கரில் அவரே சொல்வார் என்று ஏற்பாடு.

குழந்தையை என் மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி கம்பியை எடுத்ததும் அவள் பின்னால் நகர்ந்து என் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டாள். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"மாமா, நீ மீனப் பாத்து பயந்துட்டியாமே? அப்பா பயப்படவே இல்லியாமே?"

பந்தலில் எல்லோரும் சிரித்தார்கள். கொளஞ்சியப்பன் சிரிக்கவில்லை. முகம் வெளிறிப்போய், அய்யப்பனைக் கூப்பிட்டுவிடுவேனோ என்று என் சட்டைப்பையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தாம்பாளத்தைப் பிடித்தபடி எங்கேயோ பார்த்தாள்.

சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. குழந்தையின் விரல்கள் என் சட்டையை இன்னும் இறுக்கின.

"ஆமா கண்ணு," என்றேன். "ரொம்ப பயந்துட்டன்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. அவள் அப்பன் என் கையைவிட்டுப் போய்விடுவான் என்று அன்றைக்கு என் ஈரக்குலை நடுங்கியது. ஆசாரி குத்தினார். அவள் "அப்பா!" என்று கத்தினாள்.

கொளஞ்சியப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். நன்றியாக ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தால் உங்களுக்கு இன்னும் அந்த ஆளைத் தெரியவில்லை.

"வுடு பாப்பா," என்றார் ஊருக்கே கேட்கும்படி. "எல்லார்க்கும் அந்த தைரியம் வந்துடுமா?"

சொல்லிவிட்டு, இரண்டு விரல் மடங்காத அந்த வலது கையாலேயே என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.