கூடையில் நான் எடுத்த துண்டு

எனக்குப் பேச வராது. அதனால் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1991 ஒக்டோபரில் இதே மண்டபத்தில், நம் செபக்கூட்டத்தில் நின்று ஒரு சாட்சி சொன்னேன். என் மகள் நிர்மலாவுக்கு இங்கிலாந்தின் வடக்கே ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஆஸ்பத்திரி லோண்டரியில் படுக்கை விரிப்பு மடிக்கிறவனின் பிள்ளை. "இது மாதா தந்த இடம். மாதா அவளை அங்கேதான் நடத்துவா" என்றேன். எல்லோரும் கை தட்டினீர்கள்.

அவள் அங்கே நன்றாக இருக்கவில்லை.

கிறிஸ்மசுக்கு மெலிந்து வந்தாள். கேட்டால், "ஓம் அப்பா, எல்லாம் சரி" என்பாள். ஈஸ்டருக்கு அதையும் சொல்லவில்லை. சோறு ஆறிக்கொண்டிருக்கும். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அங்கே ஒருவரோடும் பேச்சு இல்லை, வகுப்பு முடிந்தால் அறைக்குள்தான் என்று தாய்க்கு மட்டும் சொன்னாள். மார்க்ஸ் குறையவில்லை. அதனால் எனக்கு விளங்கவில்லை.

மே மாதம் இங்கே லண்டனில் ஒரு கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. அதுவும் இலேசில் இடம் கிடைக்காத, பேர் பெற்ற கல்லூரி. முதல் வருடம் பாஸ் பண்ணினால் இங்கே இரண்டாம் வருடத்தில் சேரலாம், ஜூன் முடிவதற்குள் பதில் வேண்டும் என்றிருந்தது. அவளே எழுதிக் கேட்டிருக்கிறாள். எங்களுக்குத் தெரியாது.

"நீங்கள் சொல்லுங்கோ அப்பா. அதைச் செய்யிறன்" என்றாள்.

நான் சொல்லவில்லை. உங்கள் முகங்கள்தான் கண் முன்னால் வந்தன.

மனைவி ரெஜினா விடவில்லை. "உங்கட சாட்சியைக் காப்பாத்தவோ பிள்ளை அங்க கிடக்க வேணும்?"

"அது மாதாவுக்குச் சொன்ன சொல்லு."

"மாதாவுக்கோ? பிலோமினா அக்காவுக்கெல்லோ சொன்னனீங்கள், கேட்டுப் பொறாமைப்படட்டும் எண்டு."

பிலோமினா அக்கா கோபிக்க வேண்டாம். ரெஜினா சொன்னது உண்மை.

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த நாட்களில் ஒன்றுமே வரவில்லை. வேலைக்குப் போனேன். விரிப்பு மடித்தேன். ஒரு நாள் இயந்திரத்து ஆவி பட்டுக் கை வெந்து பொங்கிவிட்டது. வேறொருவன் காட்டித்தான் கண்டேன். ஒவ்வொரு நாளும் செபமாலை சொன்னேன். "தாயே, அவள் அங்கேயே இருக்க வேணும்." அது ஒன்றுதான் என் செபம்.

ஜூன் இரண்டாம் ஞாயிறு செபக்கூட்டம். நிர்மலாவும் வருடச் சோதனை எழுதி முடித்து வந்திருந்தாள். புதிதாக வந்தவர்களுக்காக நம் வழக்கத்தைச் சொல்கிறேன். மன்றாட்டைப் பேர் போடாமல் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கூடையில் போடுவோம். போகும்போது இன்னொருவரின் துண்டை எடுப்போம். அடுத்த கூட்டம் வரை அவருக்காகச் செபிப்போம்.

நானும் ஒன்று எடுத்தேன். வீட்டில் மாதா படத்துக்கு முன்னால் விரித்தேன்.

பெரிய பெரிய தமிழ் எழுத்து. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் அவள் பழகிய எழுத்து.

"அப்பா சொன்ன சாட்சி பொய் ஆகக் கூடாது. நான் அங்கே இருக்கப் பெலன் தாரும். இல்லாவிட்டால் எனக்கு ஒன்றும் நோகாமல் செய்யும்."

நான் கேட்டதையேதான் அவளும் கேட்டிருந்தாள்.

துண்டை எடுத்தவன் அதற்காகச் செபிக்க வேண்டும். முழங்காலில் நின்றேன். கிழமைக் கணக்காக நான் சொன்ன செபம். அவளுடைய எழுத்தில் கண்ட பிறகு என்னால் சொல்ல முடியவில்லை. அப்போதுதான் கையில் பொங்கின இடம் நோகத் தொடங்கியது.

குசினிக்குப் போனேன். அவள் கோப்பை கழுவிக்கொண்டு நின்றாள்.

"லண்டன் கொலிச்சுக்கு எழுது பிள்ளை, வாறன் எண்டு."

"உங்கட சாட்சி?"

"அதை நான் பாக்கிறன்."

"ஆக்கள் சிரிப்பினம் அப்பா."

"சிரிக்கட்டும். நீ சாப்பிடு."

அவள் அழவில்லை. நானும் அழவில்லை. அன்றைக்கு அவள் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள். ரெஜினா அகப்பையோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

'அதை நான் பாக்கிறன்' என்று சொல்லி இரண்டு வருடம். வெட்கத்தில் இங்கே எழும்பிப் பேசவில்லை. போன மாதம் அவள் பட்டம் எடுத்தாள். நான் நன்றி சொல்ல வந்தது அதற்கல்ல. பட்டம் அங்கேயும் கிடைத்திருக்கும். இப்போது வீட்டில் பேச்சுச் சத்தம் இருக்கிறது. தாயும் மகளும் சண்டை பிடிக்கிறார்கள். அதற்குத்தான் நன்றி.

மாதா அந்த இடத்தைத் தந்தா என்று சொன்னேன். அது உண்மை. அங்கேதான் நடத்துவா என்றது நான் கூட்டிச் சொன்னது. அதை இன்று திருத்துகிறேன். இப்போது செபிக்கும்போது கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறேன். வழி நான் சொல்லிக் கொடுப்பதில்லை.

கொஞ்ச நேரத்தில் கூடை வரும். மனதில் உள்ளதை அப்படியே எழுதிப் போடுங்கள். பயப்பட வேண்டாம். யார் கைக்குப் போக வேண்டும் என்று மாதாவுக்குத் தெரியும்.

நிர்மலா பின் வரிசையில் இருக்கிறாள். இந்த நிமிடம் வரை அவளுக்கு இது தெரியாது.

பிள்ளை, உன்ர துண்டு எனக்குத்தான் வந்தது. நீ எழுதினபடி நான் செபிக்கேல்லை.