பாதரசம் பட்ட தாலி

எங்கள் வீட்டில் தங்கத்தைப் பற்றித் தெரிந்த அளவுக்குத் தங்கம் இருந்ததில்லை. அப்பா வேலை பார்த்தது மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில், தங்க முலாம் பூசும் பிரிவில். ராடாருக்குள் போகும் மின் இணைப்புகளின் முனைகளில் மெல்லிய பூச்சாகத் தங்கம் ஏற்றுவது அவர் வேலை. தங்கம் துருப்பிடிக்காது, கறுக்காது, எத்தனை வருஷமானாலும் மின்சாரத்தை மறிக்காமல் விடும் என்பார். அங்கே கை கழுவிய தண்ணீரைக்கூடச் சாக்கடையில் விடமாட்டார்களாம். தரை துடைத்த துணியை எரித்து, சாம்பலிலிருந்து தங்கத்தைத் திரும்ப எடுப்பார்களாம். "காலம் பூரா தங்கத்துல கையை விட்டுட்டு வெறுங்கையோட வீட்டுக்கு வந்தவன் நான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். அம்மாவுக்கு அந்தப் பேச்சு ரசிக்காது. அவளிடம் இருந்த உருப்படியான தங்கம் கழுத்துத் தாலியும் அது கோத்திருந்த செயினும்தான்.

அப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய். இனி ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் ஹைதராபாத்தின் மறுகோடியில் இருந்த என் மாதாப்பூர் ஃபிளாட்டைப் பூட்டிவிட்டு, ஆபீஸ் லேப்டாப்புடன் அவர்களுடைய சைனிக்புரி வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டேன். தினமும் சாயங்காலம் அவருக்குக் காய்ச்சல் ஏறும். நான் வாங்கி வந்த புதுத் தெர்மாமீட்டரை அவர் தொடமாட்டார். பேட்டரி சொல்வதை எப்படி நம்புவது என்று கேட்பார். பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர்தான் வேண்டும். அதையும் அவரேதான் உதற வேண்டும். பிடிவாதத்தில் நான் அவர் பெண்; அது அசையாது என்று எனக்குத் தெரியும்.

ஒரு நாள் அப்படி உதறும்போது கை தளர்ந்து தெர்மாமீட்டர் கட்டில் விளிம்பில் பட்டு உடைந்தது. பாதரசம் தரையெல்லாம் உருண்டோடியது. "கையால தொடாதம்மா, விஷம்" என்று அப்பா சொல்லி முடிப்பதற்குள் அம்மா குனிந்து, உருண்டைகளைக் காகிதத்தால் தள்ளித் தள்ளி உள்ளங்கையில் சேர்த்துவிட்டாள். வெளியே கொட்டப் போகிற வழியில் சாமி அலமாரி. அதைக் கடக்கும்போதெல்லாம் நின்று தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வது அவள் வழக்கம். அப்பா படுத்ததிலிருந்து அது இன்னும் அதிகமாகியிருந்தது. அன்றும் நின்றாள். பாதரசம் இருந்த அதே கையால் தாலியை எடுத்தாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள், அவருக்காக வேண்டிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் தாலி வெளுத்துப்போனது.

பொட்டுப் பொட்டாக ஆரம்பித்து, பிறகு முழுவதும் பழைய அலுமினியப் பாத்திரத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது. அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். புளி போட்டுத் தேய்த்தாள். பூந்திக்கொட்டை போட்டுத் தேய்த்தாள். பற்பசையையும் விட்டுவைக்கவில்லை. எதற்கும் அது மசியவில்லை. "அவருக்கு ஆயுசு கேட்டுத்தானே ஒத்திக்கிட்டேன்" என்று என்னிடம் சொன்னாள். "நான் கேட்டதுக்குப் பதில் வந்துடுச்சு."

எனக்குக் கோபம் வந்தது. இது ரசாயனம், சாமிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று கத்தினேன். கத்திவிட்டு மாடிக்குப் போய், சும்மா லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அந்த வெள்ளைத் தாலியை மறுபடி பார்க்க எனக்கும் பயமாக இருந்தது. படித்த படிப்பு அந்த நேரத்தில் உதவிக்கு வரவில்லை.

அம்மா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடமாடினாள். கஞ்சி கொடுக்கும்போது குனியமாட்டாள். இப்படியே எத்தனை நாள் மறைக்க முடியும்? ஒரு காலையில் அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தலைப்பை விலக்கிக் காட்டச் சொன்னார். பார்த்தார். எனக்கு ஆச்சரியம், அவர் சிரித்தார்.

"இதுக்கா இத்தினி நாளா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கினு இருந்தே? பாதரசத்துக்குத் தங்கம்னா உயிரும்மா. ஆத்துல தங்கம் எடுக்கறவங்க இதை வெச்சுத்தான் எடுப்பாங்க. மணலோட சேத்துக் கலக்குனா மணலைத் தொடாது, தங்கத்தை விடாது. அப்புறம் சூடு பண்ணுவாங்க. பாதரசம் ஆவியாப் போயிடும், தங்கம் நிக்கும். உன் தாலிக்கு ஒண்ணும் ஆகல. மேல விருந்தாளி வந்து உக்காந்திருக்கு, அவ்ளோதான்."

"அப்ப சூடு பண்ணா சரியாயிடுமா?"

"ஆகும். ஆனா வீட்டு அடுப்புல நக்கோ. அந்தப் புகை ஆகாது. பட்டறையில குடுக்கணும்."

ஹைதராபாத் வந்து அத்தனை வருஷத்தில் அவர் வீட்டுக்குள் அனுமதித்த உள்ளூர் வார்த்தைகள் இரண்டுதான்: வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஆமாம் என்பதற்கு ஹவ். அவற்றையும் அம்மாவைச் சீண்டத்தான் பயன்படுத்துவார்.

பட்டறையில் கொடுக்க வேண்டுமென்றால் கழுத்திலிருந்து கழற்ற வேண்டும். அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "நீங்க இப்படிப் படுத்திருக்கும்போது கழட்டுவேனா? எப்ப கழட்டுவாங்கன்னு எனக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். அவள் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான்.

அப்பா என்னைக் கூப்பிட்டு, மஞ்சள் கயிறும் விரலி மஞ்சளும் வாங்கி வரச் சொன்னார். தாலியைச் சரிசெய்யக் கொடுக்கும்போது கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது என்று மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வது எங்கள் பக்கம் உண்டு. கடைக்காரம்மா கயிற்றைச் சுற்றிக் கொடுத்தபடி "பெள்ளா அம்மா?" என்று தெலுங்கில் கேட்டாள், கல்யாணமா என்று. நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அம்மா குளித்துவிட்டு வந்து கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தாள். நான் அப்பாவை நிமிர்த்தி முதுகுக்குத் தலையணை வைத்தேன். மஞ்சள் கிழங்கைக் கோத்த கயிற்றை அவர் வாங்கிக்கொண்டார். "கல்யாணத்தன்னைக்கு எனக்கு ஒரு முடிச்சுதான் விட்டாங்க" என்றார். "மீதி ரெண்டும் எங்க அக்கா போட்டது. இன்னைக்கு மூணும் நான்தான்."

முதல் முடிச்சுக்கே அவருக்கு மூச்சு வாங்கியது. இரண்டாவதுக்கு நடுவில் கையைக் கீழே போட்டு ஓய்வெடுத்தார். அம்மா குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. மூன்றாவதற்குக் கயிறு விரலிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. "பாப்பா போட்டுடட்டுமே" என்றாள் அம்மா. "நக்கோ" என்றார். எப்படியோ முடித்துவிட்டுப் பின்னால் சாய்ந்தார்.

"இறுகிச்சாங்க?"

"ஹவ்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில், அது இறுகவில்லை, ராத்திரிக்குள் அவிழ்ந்துவிடும் என்று எழுதியிருந்தது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறகு அவள் செயினைத் தலைவழியாகக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

நான் முதலில் போன பெரிய கடையில், இதை எடுத்துக்கொண்டு புதுசு தருகிறோம் என்றார்கள். மாற்றிக்கொள்கிற சாமானா அது? செகந்திராபாத் கடைவீதிச் சந்தில், புகைபோக்கி வைத்த ஒரு பட்டறையில்தான் சம்மதித்தார்கள். "பாரா லக்யா. ஷாம் கு ஆவ்" என்றார் பட்டறைக்காரர். பாதரசம் பட்டிருக்கிறது, சாயங்காலம் வா என்று அர்த்தம். சாயங்காலம் அவர் நீட்டியபோது தாலி பழைய மஞ்சளில் இருந்தது. வழியெல்லாம் ஆட்டோவில் அதைக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

அப்பா மூக்குக்கண்ணாடி கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொழிற்சாலையிலும் இப்படித்தான் பார்த்திருப்பார் போலிருக்கிறது. "கொஞ்சம் சொரசொரன்னு இருக்கு. பாதரசம் உக்காந்து எழுந்த எடம். மத்தபடி ஒண்ணும் ஆகல" என்றார். பிறகு அம்மா பக்கம் திரும்பி மறுபடியும், "கேட்டுக்கோ. ஒண்ணும் ஆகல" என்றார்.

"எழுந்து உக்காந்து நீங்களே போட்டு விடுங்க. அதுவரைக்கும் கயிறே இருக்கட்டும்" என்றாள் அம்மா. அன்று அவள் சிரித்தாள். அவரும் அன்றைக்குக் கஞ்சியை மீதி வைக்காமல் குடித்தார். எனக்கு அசட்டுத்தனமாக ஒரு நம்பிக்கைகூட வந்தது.

அவர் எழுந்து உட்காரவில்லை. அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம், அம்மா கரண்டியை வாயருகே கொண்டுபோனபோது "நக்கோ" என்றார். அதுதான் கடைசிப் பேச்சு. அவரைக் கொண்டுபோனபோதுகூட எனக்குக் கண்ணீர் வரவில்லை. ராத்திரி மாத்திரையெல்லாம் ஒதுக்கும்போது அலமாரியில் தாலியையும் செயினையும் போட்டு வைத்திருந்த டப்பா அகப்பட்டது. அப்போது வந்தது. நிறுத்த முடியவில்லை.

காரியத்துக்கு ஆம்பூரிலிருந்து அத்தை வந்திருந்தாள். கல்யாணத்தில் இரண்டு முடிச்சுப் போட்ட அதே அக்கா. கயிற்றை அறுக்கும் இந்தச் சடங்கே வேண்டாம் என்று நான் சண்டை போட்டுப் பார்த்தேன். அம்மாதான் என்னை அடக்கினாள். பத்தாம் நாள் அத்தை கத்தரிக்கோலை எடுத்தபோது, "வெட்டாதீங்க அண்ணி. அவுத்துடுங்க" என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

அத்தை கத்தரிக்கோலை என் பக்கம் வைத்துவிட்டு, பின்னால் உட்கார்ந்து முடிச்சைத் தேடினாள். கூடத்தில் யாரோ தாலி வெளுத்த கதையை எடுத்து, அப்போதே தெரிந்துவிட்டது என்று முணுமுணுத்தார்கள். நான் வாயைத் திறக்கும் முன் அம்மாவே பேசினாள். குரலில் கோபம் இல்லை.

"வெளுத்திருந்தப்போ அவர் போகல. அதைச் சரிபண்ணி, கண்ணால பாத்து, எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனார்."

மேலாக இருந்தது அப்பா கடைசியாகப் போட்ட மூன்றாவது முடிச்சு. அது அவிழ்ந்தால்தான் மற்ற இரண்டும் வரும். அதனுடன் அத்தை வெகு நேரம் போராடினாள். தினமும் குளித்துக் குளித்து அது இறுகியிருக்க வேண்டும். நகத்தால் நெம்பினாள், ஊசியால் குத்தி இழுத்தாள். "இது வரலியே" என்று கத்தரிக்கோலுக்காக என்னைப் பார்த்தாள்.

அம்மா கையைப் பின்னால் கொண்டுபோய் அந்த முடிச்சைப் பொத்திக்கொண்டாள்.

"இது இருக்கட்டும் அண்ணி. இதுக்கு அவருக்குத் தெம்பு பத்தலைன்னு நெனச்சேன்" என்றாள்.

நான் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுக்கவில்லை.