வவ்வாலுக்கும் ஐந்து விரல்

போன வாரம் கேம்ப் ரோட்டு ஸ்கேன் சென்டரில் வலது கைக்கு எக்ஸ்ரே எடுத்தேன். "ஃபிலிம் எங்கம்மா?" என்றேன். "அதெல்லாம் இப்ப ஏது ஆன்ட்டி? போன்லயே அனுப்பிடுறோம்" என்றாள் அங்கிருந்த பெண். சுருக்கென்றது. ஓர் எக்ஸ்ரே ஃபிலிமால் வேலையை இழந்தவள் நான்.

எழுபதுகளின் தொடக்கம். சேலையூரில் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் விலங்கியல் டீச்சர், தற்காலிகம். ஜூனில் நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது. அப்போது பார்த்துப் பரிணாமப் பாடம் வந்தது. "அத நடத்த வேணாம் மிஸ்" என்றார் தாளாளர். நானும் ஞாயிறு தவறாமல் கோயிலில் பாடுகிறவள்தான் (குரலைப் பற்றிக் கேட்காதீர்கள்). ஆனால் இது என் பாடம் ஐயா!

வகுப்பில் காட்ட, மின்கம்பியில் சிக்கிச் செத்த பெரிய வவ்வால் ஒன்றை வீட்டில் வேகவைத்து எலும்பெடுத்தேன். "ஜெபம் பண்ற வீட்ல வவ்வாலாடி?" என்று அம்மா பானையைத் தெருவில் வீசினாள். இறக்கை எலும்பு அதற்குள் என் பையில். நம் கையைப் போலவே அதிலும் ஐந்து விரல். இரண்டும் ஒரே மூதாதை வழி வந்தவை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? ரயில் பிடிக்க ஓடி விழுந்தபோது எடுத்த என் கை எக்ஸ்ரேயோடு சேர்த்துப் பள்ளியின் தமிழய்யாவிடம் நீட்டினேன். "இதெல்லாம் தசாவதாரத்துலயே இருக்கும்மா. மீன், ஆமை, பன்றி... பாக்க வேற வேணுமா?" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டாம் என்றவரும் பார்க்கவில்லை, ஆமாம் என்றவரும் பார்க்கவில்லை!

வகுப்பில் அந்தப் பாடத்தை நடத்தினேன். பாதியில் தாளாளர் வந்து நின்றார். ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பக்கத்தில் இறக்கையை வைத்து, "எண்ணிப் பாருங்க சார்" என்றேன்.

"எனக்கு எண்ண வேண்டிய அவசியமில்ல மிஸ். வேதத்துல எல்லாம் இருக்கு."

"கண்ணையும் கர்த்தர்தானே சார் குடுத்தாரு?"

என் வாய் சும்மா இருந்தால்தானே! முதல் பெஞ்சில் பாஸ்டர் மகள் மட்டும் எழுந்து வந்து, விரல் வைத்து எண்ணினாள். "அஞ்சு மிஸ்!"

மன்னிப்புக் கடிதம் எழுதினால் வேலை உண்டு என்றார்கள். எழுதவில்லை. ஜூனில் நிரந்தரமானவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை. அழுதேன், பொய் சொல்வானேன்.

சாயங்காலமானால் ஏரிப் பக்கம் கூட்டமாய்ப் பறந்த வவ்வால்கள் இன்று இல்லை. அவை தொங்கிய மரங்களும் இல்லை. தாளாளரும் தமிழய்யாவும் போய்ச் சேர்ந்தார்கள். ஃபிலிமும் போச்சு. போனில் வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூட்டு தேய்ந்து விரலெல்லாம் கோணிக் கிடக்கிறது. எண்ணினேன்.

இப்பவும் அஞ்சுதான் சார்.