அக்கா ஒட்டிய குழாய்

கண்ணை மூடினால் முதலில் தெரிவது அந்த அட்டைக்குழாய்தான். அம்மாவின் தையல் மிஷின் மேல், இரண்டு பலகை வளையங்களை மாட்டிக்கொண்டு, யாரும் தொடக்கூடாத சாமிப் பொருள் மாதிரிக் கிடந்தது. எண்பதுகளின் கடைசியில் டத்தோ கெராமாட் சாலையில் இருந்தது எங்கள் வாடகை வீடு. அக்கா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தாள். உட்கார்ந்து சோறு தின்னத் தெரியாதவள். தட்டை ஏந்திக்கொண்டே வீட்டைச் சுற்றுவாள். விரிவுரையாளர் ஒருவர் அனுமதி வாங்கி நடத்திய ராக்கெட் குழுவில் அவள் ஒருத்திதான் பெண். ஆளுயர ராக்கெட்டுக்குள், எரிந்து அதை உந்தும் மோட்டாரைப் பிடித்து நிறுத்தும் குழாயைச் செய்வது அவள் பொறுப்பு. அது சரியாக ஒட்டாவிட்டால் மோட்டார் மட்டும் ராக்கெட்டைக் கிழித்துக்கொண்டு பறந்துவிடும். குழுவிடம் இருந்ததோ ஒரே மோட்டார். "பொம்பளை ஒட்டுனது தாங்குமா?" என்று யாரோ சிரித்தது அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

அவளைப் பெண் பார்க்க மாலையில் வரவேண்டியவர்கள், ஃபெரிப் படகில் கூட்டமில்லை என்று அக்கரை பட்டர்வொர்த்திலிருந்து மத்தியானமே வந்து இறங்கிவிட்டார்கள். அப்போதுதான் அக்கா பசையைக் கலந்து வளையங்களின் விளிம்பில் தடவி, உள்ளறையில் கிடத்தியிருந்த ராக்கெட்டுக்குள் குழாயைத் தள்ளத் தொடங்கியிருந்தாள்.

"ஏய், வந்துட்டாங்கடி! கையக் கழுவிட்டு சேலையக் கட்டு!" என்று அம்மா பதறினாள்.

"இப்ப நிறுத்துனா பாதியிலயே புடிச்சிக்கும்மா. கொஞ்சம் இருக்கச் சொல்லு லா."

அந்தக் கொஞ்சம் நீண்டுகொண்டே போனது. தள்ளி முடித்த பிறகும், பசை இறுகும்வரை குழாய் சாயாமல் பிடித்திருக்க வேண்டுமாம். கூடத்தில் அப்பா பேச விஷயமில்லாமல் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். நான் தேநீர் வைத்தேன், முறுக்குத் தட்டை நீட்டினேன், கேட்டதற்குப் பதில் சொன்னேன். கடைசியில் அக்கா முழங்கை வரை பசையோடு வந்து கும்பிட்டாள். உடனே குழாயைப் பார்க்க உள்ளே ஓடிவிட்டாள்.

மறுவாரம் தரகர் வந்தார். "பெரியவளுக்குப் பொறுமை இல்லியாம். சின்னவளக் கேக்குறாங்க" என்றார். பசை காயும்வரை அசையாமல் நின்றவளைத்தான் அப்படிச் சொன்னார். நல்ல இடம் கைவிட்டுப் போய்விடுமோ என்று அப்பாவுக்குப் பயம். அக்கா இருக்கத் தங்கைக்கா என்று அம்மா அழுதாள். "எனக்காக யாரும் அழ வேணாம். அவளுக்கு இஷ்டமான்னு மொதல்ல கேளுங்க" என்றாள் அக்கா. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மறுத்துச் சொல்ல எனக்கென்று ஒன்றும் இருக்கவில்லை. தலையாட்டினேன்.

நிச்சயதார்த்தமும் ராக்கெட் விடுவதும் ஒரே ஞாயிறாக அமைந்துவிட்டன. விடியும்போதே அக்கா நிபோங் திபால் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துத் திடலுக்குப் போய்விட்டாள். தட்டு மாற்றும் நேரமாகியும் வரவில்லை. எனக்கு வாசலிலேயே கண். ஒருவழியாக வந்தாள், செருப்பெல்லாம் செம்மண், தலையில் புகை வாடை. என் பூவைச் சரிசெய்வதுபோல் குனிந்து காதில் சொன்னாள்: "கொழாய் நின்னுச்சுடி! ஒரு நூல்கூட நகரல. நீ பாத்திருக்கணும் லா!"

இப்போது அவள் வேறு தேசத்தில் விமானம் பழுதுபார்க்கிறாள். என் கணவர் நல்லவர். குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனாலும் அன்று, கட்டிய பட்டோடு எழுந்து அந்தத் திடலுக்கு ஓடிவிட வேண்டும் என்று கால் துடித்தது. இன்றும் துடிக்கிறது. பொறுமைசாலி என்றுதானே என்னைக் கேட்டு வந்திருந்தார்கள், உட்கார்ந்திருந்தேன்.